கிரீன் டீ மருந்தாகுமா?

தாராவியில் 90 அடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. கீழே இட்லிக் கொப்பரை, மேலே ஏணி வைத்து ஏறும் ஓர் அறை. விடிவதற்கு முன்பே மாவு ஊற்றி, வெந்த இட்லிகளைப் பாத்திரத்தில் அடுக்கிச் சைக்கிளில் கட்டி அனுப்பினால்தான் அந்தக் குடும்பத்துக்கு அன்றைய வருமானம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. நான் வேறொரு விஷயமாகப் போயிருந்தேன். வந்தவர்களுக்குக் கட்டிங் சாய் கொடுப்பதுதான் மும்பை வழக்கம். எனக்குக் கொடுத்தார்கள். வீட்டின் மூத்த பெண்ணுக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளரில் வெளிறிய பச்சை நிறத்தில் ஏதோ வந்தது.

"கிரீன் டீ அக்கா. ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் குடிக்கா. கட்டி கரையும்னு சொன்னாங்க" என்றார் தாய்.

பெண்ணுக்கு 22 வயது. செம்பூரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போனதால் மருத்துவமனையில் காட்டி, கேஸ் பேப்பர் போட்டு, ஸ்கேன் எடுத்து, 'பி.சி.ஓ.எஸ்.' என்று எழுதி வாங்கி வந்திருந்தார்கள். மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். இரண்டு அட்டை முடிந்ததும் அந்த மாத்திரை நின்றுபோனது. காரணம், அது கருத்தடை மாத்திரை என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். "கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு அதைக் குடுக்கலாமா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவான்?" மாத்திரை நின்ற இடத்தில் கிரீன் டீ வந்து உட்கார்ந்துகொண்டது.

அது வந்த வழியும் சுவாரசியமானது. செம்பூரில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் அலுவலகத் தோழி ஒருத்தி பெயர் சொன்னாள். மாட்டுங்காவில் பெண்ணின் தாய் முன்பு சமையல் வேலை பார்த்த வீட்டு மாமி, "என் நாட்டுப்பெண்கூட அதைத்தான் குடிக்கிறா, இன்ஃப்ளமேஷன் எல்லாம் குறையுமாம்" என்று உறுதி சொன்னார். தாராவிக்கு அது வந்து சேர்ந்தபோது முழு மருந்தாகிவிட்டது. மும்பைத் தமிழர்களின் மூன்று பேட்டைகளையும் வசதி பிரிக்கிறது. இந்த டப்பா மட்டும் மூன்றிலும் இருக்கிறது.

மாமி சொன்னதில் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பார்ப்போம். இன்ஃப்ளமேஷன், அதாவது அழற்சி. அது பொய்யல்ல. இந்த நோயில் அழற்சிக்கு இடம் உண்டு. கிரீன் டீக்கும் அழற்சிக்கும் சோதனைக் குழாயில் தொடர்பு உண்டு. கேள்வி, இந்த இரண்டையும் இணைக்கும் பாலம் ஒரு பெண்ணின் உடம்பில் இருக்கிறதா என்பதுதான்.

முதலில் பெயரே நம்மைத் திசை திருப்புகிறது. 1935இல் சிகாகோவைச் சேர்ந்த ஸ்டைன், லெவன்தால் என்ற இரு டாக்டர்கள், மாதவிலக்கு நின்றுபோன 7 பெண்களின் சினைப்பைகள் பெருத்து, சிறு சிறு பைகள் நிறைந்திருந்ததை எழுதினார்கள். அன்றிலிருந்து 'நீர்க்கட்டி' என்ற சொல் ஒட்டிக்கொண்டது. உண்மையில் அவை கட்டிகள் அல்ல. முழுதாக வளராமல் பாதியில் நின்றுவிட்ட கருமுட்டைப் பைகள். கரைக்க வேண்டிய எதுவும் அங்கே இல்லை. ஆகவே 'கட்டி கரையும்' என்று யார் எதை விற்றாலும், இல்லாத ஒன்றைக் கரைப்பதாகத்தான் விற்கிறார்கள்.

கோளாறு சினைப்பையோடு நிற்பதில்லை. இந்தப் பெண்களில் பெரும்பாலோருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. உடம்பு அதை ஈடுகட்டக் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த அதிக இன்சுலின் சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரான் போன்ற ஆண் ஹார்மோன்களை அதிகப்படுத்துகிறது. விளைவு: முட்டை முதிர்ந்து வெளிவருவதில்லை, மாதவிலக்கு தள்ளிப்போகிறது, முகத்தில் ரோமம், பரு, தலையில் முடி கொட்டல், இடுப்பைச் சுற்றி எடை.

அழற்சி இங்கேதான் நுழைகிறது. காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்குகிறதே, அது கண்ணுக்குத் தெரியும் அழற்சி. இது அப்படியல்ல. அடுப்பை அணைத்த பிறகும் சாம்பலுக்குள் கனன்றுகொண்டிருக்கும் நெருப்பு மாதிரி, மெல்லியதாக, வருடக்கணக்கில் நீடிப்பது. ரத்தத்தில் சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்ற பொருளின் அளவைப் பார்த்து இதை மதிப்பிடுகிறார்கள். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களிடம் இது உயர்ந்திருப்பதை 2001இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் கண்டார்கள். 2011இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. குண்டாக இருப்பது மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் வயிற்றுக் கொழுப்பு இதைக் கூட்டுகிறது. கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கு அல்ல. அழற்சியைத் தூண்டும் பொருள்களை அதுவும் வெளியிடுகிறது. அவற்றில் ஒன்று இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது என்பது 1993இலேயே எலிகளிடம் காட்டப்பட்டது. இன்சுலின் கெட்டால் எடை, எடை கூடினால் அழற்சி, அழற்சி கூடினால் மறுபடி இன்சுலின். செக்கு மாடு சுற்றுகிற வட்டம்.

இனி தேயிலை. கட்டிங் சாயில் போடுவதும் கிரீன் டீயில் போடுவதும் ஒரே செடியின் இலைதான். நீலகிரியிலும் வால்பாறையிலும் தமிழ்ப் பெண்கள் பறிக்கும் அதே கொழுந்து. பறித்த இலையை நசுக்கிக் காற்றில் விட்டால் கறுத்து, நாம் குடிக்கும் தேயிலைத் தூளாகிறது. பறித்தவுடன் ஆவியிலோ சூடான சட்டியிலோ காட்டி அந்த மாற்றத்தைத் தடுத்துவிட்டால் பச்சையாகவே நிற்கிறது. அப்படி நிற்கும்போது கேட்டசின் என்ற வகைப் பொருள்கள் அதிகம் மிஞ்சுகின்றன. அவற்றில் முக்கியமானதைச் சுருக்கமாக இ.ஜி.சி.ஜி. என்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் செல்கள் மீது இதை ஊற்றினால், அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் அடங்குகின்றன. டப்பாக்களின் மேல் எழுதப்படும் வாக்கியங்களுக்கு மூலம் இதுதான்.

ஆனால் கண்ணாடித் தட்டு வேறு, மனித உடம்பு வேறு. குடித்த இ.ஜி.சி.ஜி.யில் மிகச் சிறு பகுதிதான் குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போகிறது. எனவே பெண்களிடமே சோதித்துப் பார்க்க வேண்டும். பார்த்திருக்கிறார்கள்.

2006இல் ஹாங்காங்கில், பி.சி.ஓ.எஸ். உள்ள 34 பருமனான பெண்களை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கிரீன் டீச் சத்து, மற்றதற்கு வெறும் மாத்திரை. மூன்று மாதம் கழித்து கிரீன் டீ குழுவின் எடை 2.4 சதவீதம் குறைந்திருந்தது. புள்ளியியல் கணக்கில் அது பொருட்படுத்தத்தக்கது அல்ல. ஹார்மோன்களில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. 2017இல் ஈரானில் 60 பெண்களுக்கு 12 வாரம் கிரீன் டீ காப்ஸ்யூல் கொடுத்துப் பார்த்தபோது கொஞ்சம் நல்ல செய்தி கிடைத்தது: எடை, இன்சுலின், டெஸ்டோஸ்டிரான் குறைந்தன. அதே நாட்டில், அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வுதான் நம் மாமியின் கேள்விக்கு நேரடியான பதில். 45 பெண்களிடம் அழற்சியின் அடையாளங்களையே அளந்தார்கள். கிரீன் டீ மாத்திரை சாப்பிட்டவர்களின் எடையும் இடுப்புச் சுற்றளவும் குறைந்தன. அழற்சி அடையாளங்கள் அசையவில்லை.

ஆக, இன்று நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சிலருக்கு எடை சிறிது குறைய உதவலாம், பி.சி.ஓ.எஸ்.ஸில் அழற்சியைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. எல்லாமே சிறிய, குறுகிய கால ஆய்வுகள். இன்னும் பெரிய ஆய்வு வந்து வேறு விதமாகச் சொன்னால் நானே இந்தப் பக்கத்தில் எழுதுவேன். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ஆய்வுகளில் கொடுத்தது காப்ஸ்யூலும் மாத்திரையும். சந்துக் கடையில் வாங்கிய பையை வெந்நீரில் முக்கிய டம்ளர் அல்ல.

'சரி, பலன் இல்லாவிட்டால் போகட்டும். கெடுதல் இல்லையே, குடித்துவிட்டுப் போகட்டுமே' என்று கேட்கலாம். நானும் தினம் ஒரு கோப்பை குடிப்பவள்தான். பிடித்திருந்தால் இரண்டு, மூன்று கோப்பை குடிப்பதில் பெரும்பாலோருக்குத் தொல்லை இல்லை. சர்க்கரை போட்ட நான்கு சாய்க்குப் பதிலாகக் குடித்தால் அந்தச் சர்க்கரையாவது மிச்சம். ஆனால் நம் வீடுகளில் இரண்டு விஷயங்கள் உண்டு.

ஒன்று, ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. கீரை, பருப்பு, கேழ்வரகு ஆகியவற்றிலிருந்து வரும் இரும்புச் சத்தைத் தேநீர், அது பச்சையானாலும் கறுப்பானாலும், உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. சாப்பாட்டோடு குடித்தால் பாதிப்பு அதிகம். குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்குவது, மாத்திரையைச் சாக்கடையில் போடுவதற்குக் கொஞ்சம்தான் மேல்.

இரண்டாவது, காப்ஸ்யூல். 'ஆறு கோப்பை எதற்கு, ஒரு காப்ஸ்யூல் போதும்' என்று விற்கிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் இதை ஆராய்ந்தது. வெந்நீரில் போட்டுக் குடிக்கும் கிரீன் டீ பொதுவாகப் பாதுகாப்பானது என்றது. ஆனால் காப்ஸ்யூலாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இ.ஜி.சி.ஜி. எடுப்பவர்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்படும் அறிகுறிகள் தெரிந்தன என்று எச்சரித்தது. 'இயற்கை' என்ற சொல் கல்லீரலுக்குத் தெரியாது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய கெடுதல் டம்ளரில் இல்லை. அது பிடித்துக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. மாதவிலக்கு வராத மாதங்களில் கருப்பையின் உட்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகிறது. 90 நாட்களுக்கு மேல் வராமல் இருந்தால் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது அதனால்தான். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் வரும் அபாயம் கூடுகிறது. டாக்டர் எழுதித்தரும் ஹார்மோன் மாத்திரையின் வேலை அந்தச் சுவரைக் காப்பது. அதன் அட்டையில் கருத்தடை என்று எழுதியிருக்கலாம். இங்கே அது செய்வது வேறு காரியம். கல்யாணமாகாத பெண்ணுக்கும், கல்யாணத்தைப் பற்றி யோசிக்காத பெண்ணுக்கும் அது மருந்துதான். எல்லோருக்கும் ஒத்துவராது என்பதும் உண்மை. ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, கால் நரம்பில் ரத்தம் உறையும் சரித்திரம் இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்ல வேண்டும். அதற்கு மாற்றும் உண்டு.

இது நம் ஊர்ப் பிரச்சினையா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. மும்பை பரேலில் இருக்கும் தேசிய இனப்பெருக்க நல ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், இந்த நகரின் 15 முதல் 24 வயது வரையுள்ள பெண்களிடம் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. ஓர் அளவுகோலின்படி 22.5 சதவீதம் பேருக்கு பி.சி.ஓ.எஸ். இன்னொரு கடுமையான அளவுகோலின்படி 10.7 சதவீதம். ஒரே பெண்கள், இரண்டு கணக்கு. பத்தில் ஒருத்தி என்று வைத்துக்கொண்டாலும், பெண்கள் பெட்டியில் காலை லோக்கலில் நெருக்கியடித்து நிற்கும் இளம்பெண்களில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

அளவுகோல் மாறினால் எண்ணிக்கை இரண்டு மடங்காகிறது என்பதில் தாய்மார்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. வயதுக்கு வந்த முதல் வருடம் மாதவிலக்கு முன்னும் பின்னுமாக வருவது இயல்பு. வயதுக்கு வந்து 8 ஆண்டுகள் ஆகும்வரை, ஸ்கேனை வைத்து இந்த நோயை முடிவு செய்யக் கூடாது என்று 2023இல் வெளியான சர்வதேச வழிகாட்டி சொல்கிறது. வளரும் பெண்களின் சினைப்பையில் சிறு பைகள் நிறையத் தெரிவது சாதாரணம். 15 வயதுப் பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்து, 'உனக்குக் குழந்தை பிறக்காது' என்று பயமுறுத்தும் வேலையை இனிமேலாவது நிறுத்தலாம். அது பொய்யும்கூட. இந்த நோய் உள்ள பெண்களில் பெரும்பாலோர் தாமாகவோ சிகிச்சையாலோ தாயாகிறார்கள்.

சரி, எது வேலை செய்யும்? விடை யாருக்கும் பிடிக்காத அளவுக்குச் சாதாரணமானது. எடை அதிகம் உள்ளவர்கள் அதில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு திரும்புகிறது. 70 கிலோ பெண்ணுக்கு இது மூன்றரை முதல் ஏழு கிலோ. சினிமா நடிகை மாதிரி ஆக வேண்டியதில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமான நடை. காலை, மதியம், இரவு மூன்று வேளையும் அரிசியே தட்டை நிறைக்காமல், பாதியைக் காய்கறிக்கும் கால் பங்கைப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் வகைக்கும் விடுவது. சர்க்கரை நோய் பரிசோதனையை இளம் வயதிலேயே தொடங்குவது. தைராய்டைப் பார்ப்பது. தேவைப்பட்டால் மெட்ஃபார்மின், ஹார்மோன் மாத்திரை. மெலிந்த பெண்களுக்கும் இந்த நோய் வரும். அவர்களைப் பட்டினி போடக் கூடாது.

'நடக்கச் சொல்கிறீர்களே, எங்கே நடப்பது?' தாராவிப் பெண்ணின் கேள்வி இது. மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன்ஸ் இருக்கிறது, மரநிழல் இருக்கிறது. செம்பூரில் காலனிக்குள் சுற்றி வரலாம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்தில் வேகநடை எப்படி? விடிவதற்கு முன்னால் இட்லி ஊற்றி, எட்டு மணிக்கு ரயில் பிடித்து, இரவு திரும்பி மாவாட்டும் பெண்ணுக்கு நேரம் எங்கே? நோய்க்கான அறிவுரைகள் எல்லாமே, வீட்டில் இடமும் நாளில் நேரமும் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை. கிரீன் டீயின் கவர்ச்சி இங்கேதான் இருக்கிறது. அதற்குப் பூங்கா வேண்டாம், நேரம் வேண்டாம், டாக்டரின் வரிசையில் நிற்க வேண்டாம், அக்கம்பக்கத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டாம். வெந்நீர் போதும்.

அந்தப் பெண்ணின் கதையை முடிக்கிறேன். ஐந்து மாதம் மாதவிலக்கு வரவில்லை. தேதிகளை அவளே மொபைலில் குறித்து வைத்திருந்தாள். தாயிடம் மட்டும், 'வந்துச்சு' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறாவது மாதம் வந்தது. 18 நாள் நிற்கவில்லை. அலுவலகத்தில் மயங்கி விழுந்தாள். ஹீமோகுளோபின் 7.8. மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று டாக்டர் கேட்டபோது தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். அந்த டாக்டர் நல்லவர். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, மாத்திரை என்ன செய்கிறது என்பதைப் படம் வரைந்து தாய்க்குக் காட்டினார். முதல் தடவையே யாராவது அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழித்திருந்தால் ஆறு மாதம் வீணாகியிருக்காது.

இப்போது மாத்திரையும் இரும்புச் சத்தும் எடுத்துக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு, குப்பைமேடாக இருந்து காடாக மாறிய பக்கத்து மகாராஷ்டிரா நேச்சர் பார்க்கில் நடக்கிறாள். மற்ற நாட்களில் ஒரு ஸ்டேஷன் முன்னதாக இறங்கிவிடுகிறாள். மூன்று மாதமாகத் தேதி தவறவில்லை.

போன வாரம் போயிருந்தபோது எனக்கும் அவளுக்கும் ஒரே மாதிரி சாய்தான் வந்தது, சர்க்கரை குறைவாக. கிரீன் டீ டப்பா எங்கே என்று கேட்டேன். தாய் அலமாரியைக் காட்டினார். டப்பா அங்கேயே இருந்தது. உள்ளே சோம்பு போட்டு வைத்திருந்தார்.